முதலில் அவருக்கு, பிறகு எனக்கு

என் மேபலக்காவுக்கு, நீ இருக்கும் இடத்தில் நல்ல மீன் கிடைக்கிறது என்ற நம்பிக்கையோடு உமா எழுதுகிறேன்.

உன் நாற்பத்தொன்றாம் நாள் பூசை போன வாரம் முடிந்தது. அடக்கத்துக்கு வராத உன் அண்ணன் பூசைக்கு வந்தார். முதல் வரிசையில் வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தார். நம் மையத்துப் பெண்களும் நானுமாக ஒன்பது பேர் கடைசி வரிசையில் இருந்தோம். எல்லாரும் இருப்பதிலேயே நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்ததால், பக்கத்திலிருந்த ஓர் அம்மா எங்களைக் கல்யாணக் கூட்டம் என்று நினைத்து, பெண் யார் என்று விசாரித்தார். சுஜா உன் படத்தைக் கை காட்டினாள்.

வெளியே வந்ததும் உன் சாவுக்கு எது காரணம் என்று பேச்சு எழுந்தது. எய்ட்ஸ் என்றார் ஒருவர். மஞ்சள்காமாலை என்றார் இன்னொருவர். உன் அண்ணன் நெஞ்சுவலி என்றார்; குடும்பத்துக்கு மரியாதையான நோய் அதுதான் போலிருக்கிறது. ஈரல் என்று எனக்குத் தெரியும். பழைய ஊசிகளிலிருந்து உனக்கு இரண்டு கிருமிகள் வந்தன. ஒன்று எச்.ஐ.வி.; அதை மாத்திரை போட்டு வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்தாய். மற்றது ஈரலைத் தின்னும் கிருமி; அதைச் சோதித்துப் பார்க்க யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நான் சொன்னபோது நேரம் கடந்திருந்தது. இதை இப்படி ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போகிறேன். நின்றால் போகமுடியாது, நீயும் திட்டுவாய்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். உன் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்று நீ ஒருமுறை சண்டை போட்டது நினைவிருக்கிறதா? எனக்க அம்மை வச்ச பேரு, ஒளிச்சு வைக்க நான் என்ன களவாண்டிட்டா வந்தேன் என்று கேட்டாய்.

படிப்பவர்களுக்காக உன்னைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ தேங்காய்ப்பட்டணத்துக்காரி. உன் கணவர் விசைப்படகில் போனவர். முதுகுவலிக்கென்று அவர் போடத் தொடங்கிய ஊசி, வலி போன பிறகும் நிற்கவில்லை. பிறகு அது உனக்கும் வந்தது. அவரால் கடலுக்குப் போக முடியாமல் ஆனபோது, இரண்டு பேருக்கும் மருந்து வேண்டுமே என்று நீ லாட்ஜுகளுக்குப் போனாய். அவர் செத்தார். நீ பிழைத்தாய். ஊசியை விட்டாய். அப்புறம் அதே வழியில் போய்க்கொண்டிருந்த பெண்களைத் தேடிப் பிடித்து, புது ஊசியும் ஆணுறையும் கொடுப்பதையும் ரத்தம் சோதிக்கக் கூட்டி வருவதையும் வேலையாக எடுத்துக்கொண்டாய். அந்த வேலையை உனக்குத் தந்த எச்.ஐ.வி. தடுப்பு அலுவலகத்தில் நான் ஆலோசகர். உன்னைவிடப் பத்து வயது இளையவள், உன்னைவிட நிறையப் படித்தவள், உன்னைவிட எல்லாவற்றையும் தாமதமாகப் புரிந்துகொள்பவள். இந்த வாக்கியம் உன்னுடையது.

நம் அலுவலகத்தின் இரண்டு பிரிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒன்று, போதை மருந்தை ஊசியில் போடுகிறவர்களுக்கு ஒன்று. முதல் பிரிவின் படிவத்தில் ஊசியைப் பற்றிக் கேள்வியே கிடையாது. இரண்டாம் பிரிவின் படிவம் ஆண்களை மட்டும் மனதில் வைத்து எழுதியது. 'உங்கள் மனைவிக்குத் தெரியுமா' என்றுகூட அதில் ஒரு கேள்வி உண்டு. இரண்டையும் செய்யும் பெண் வந்தால் எந்த நோட்டில் எழுதுவது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டோம். ஒருவர் பெயர் ஒரு நோட்டில்தான் வரவேண்டும் என்று பதில் வந்தது. நீ பொறுப்பாளரின் மேஜை முன்னால் போய் நின்றாய்.

"அப்போ சார், எனக்க இடுப்புக்கு மேல ஒரு நோட்டுல எழுதுங்க, கீழ உள்ளதை மத்த நோட்டுல எழுதிக்கிடுங்க."

அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஊசிப் பிரிவின் மையத்துக்குப் பெண்கள் போகத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே இருப்பது ஒரே கழிப்பறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் கேரம் ஆடும் பத்து ஆண்களில் ஒருவனாவது வருகிற பெண்ணுடைய ஆளின் கூட்டாளியாக இருப்பான். மருந்துக்கடையில் வாங்கலாமே என்று நான் ஒருமுறை புத்திசாலித்தனமாகச் சொன்னேன். ஆண் கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர், பெண் கேட்டால் யாருக்கு என்பார். கோழிக்கு என்று சொல்லும்படி நீ எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாய். ஒரு கடைக்காரர் எத்தனை கோழி என்று கேட்டதில் சுஜா பதறிப் போய் இருநூறு என்று சொல்லிவிட்டாள். தன் மகள் கல்யாணத்துக்கு மொத்தமாக முட்டை கிடைக்குமா என்று அவள் போன் நம்பரைக் கேட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்கே போகவில்லை.

ஆகவே ஆள்தான் வாங்கி வருவான். அவன் முதலில் போட்டுக்கொள்வான். பிறகு அதே ஊசியை இவளுக்குப் போட்டு விடுவான். பாதிப் பேருக்குத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படித்த புத்தகங்களில் ஊசியைப் பகிர்வது பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. யார் முதலில், யார் இரண்டாவது என்பது இல்லை.

அப்படித்தான் நீ கோட்டாறு சந்தைக்குப் பின்னாலுள்ள தெருவில் அந்த மாடியைப் பிடித்தாய். செவ்வாயும் வெள்ளியும், பெண்களுக்கு மட்டும். அதற்கு முன்னால் நீ ஏறி இறங்கிய வீடுகளில் ஒருவரும் நமக்கு இடம் தரவில்லை. நீலகண்ட சார் தந்ததற்கு ஒரே காரணம், நாம் வீடு பார்க்கப் போன அன்று உன் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஊசிப் பெட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய சர்க்கரைக்காரர். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சுகருக்கா என்று கேட்டார். நீ தலையை ஆட்டினாய். தெருவில் இறங்கியதும் நான் உன்னோடு சண்டை போட்டேன். பொய் சொல்லி ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கலாமா என்று பெரிய பெரிய வார்த்தையில் கேட்டேன். அவராக்கும் சொன்னது, நான் வாயே திறக்கல்லியே என்றாய்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். நாஞ்சில் நாட்டுச் சைவ வீடு, மாடியில் மீன் கூடாது. ஒரு வாரம் நீ கீரை கொண்டு வந்தாய். உன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டாம் வாரம் நெத்தலி வந்தது. கீழே வாசனை போய் அவர் கேட்டபோது, சந்தையிலிருந்து காத்து வருது சார் என்று ஜன்னலைக் காட்டினாய். அதற்குப் பிறகு காற்று செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அந்தப் பக்கமாக வீசியது.

சுகர் மையம் என்றானதால் வெள்ளிக்கிழமை தோறும் அவர் மாடிக்கு வந்து விரலை நீட்டுவார். நீ எங்கிருந்தோ ஒரு சோதனை மிஷின் சம்பாதித்து வைத்திருந்தாய். ஒவ்வொரு முறையும் புது முனை பிரித்துத்தான் குத்துவாய். போன வாரத்து முனையே இருக்குமே, எதுக்கு வீணாக்கணும் என்பார். நீ சிரித்துக்கொண்டே பழையதைப் பெட்டிக்குள் போடுவாய்.

சுஜாவை அவர் படியில் வைத்துப் பிடித்த நாள் உனக்கு மறந்திருக்காது. அவளுக்கு இருபத்தாறு வயது. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் குடும்பம். ஆட்டோ ஓட்டும் பினுவோடு வந்துவிட்டவள். பினு கெட்டவன் இல்லை என்று நாம் கேட்காமலே சொல்லுவாள். அவன் வாங்கி வருவதை இரண்டு பேரும் போடுவார்கள். அதற்கான பணத்துக்கு அவள் லாட்ஜுக்குப் போவாள், ஆட்டோவில் அவனே கொண்டு விடுவான். அவளை ரத்தம் சோதிக்க வைக்க நீ எட்டு மாதம் பாடுபட்டாய், அவள் சம்மதிக்கவே இல்லை. படியில் அவளை நிறுத்தி, சுகர் எவ்வளவு மக்களே என்று பெற்ற மகளைக் கேட்பதுபோலக் கேட்டார் சார். அவளுக்கு எண் தெரியாது. முந்நூற்று இருபது என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார். இந்த உடம்புக்கா என்று கேட்டு, சோற்றைப் பாதியாக்கு, மரச்சீனிக் கிழங்கைக் கண்ணால் பார்க்காதே என்று கால் மணிநேரம் நிற்க வைத்துச் சொன்னார். அவள் மாடிக்கு வந்து அழுதாள். தன் உடம்பைப் பற்றிக் கோபமில்லாமல் ஓர் ஆண் கேட்பது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ மட்டும், மரச்சீனியும் மீனும் இன்னிக்கு எனக்கு உள்ளதாக்கும், நீ தொடப்பிடாது என்றாய்.

அவள் வேறு எங்கும் போகமாட்டாள். போனால் பினுவுக்குத் தெரிந்துவிடும். அல்லது போலீஸ் பையைத் திறந்தால் ஊசியே சாட்சி ஆகிவிடும். அந்தப் படியில் ஏறும் பெண்ணைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுகர்தானே. உன் பொய் அப்படி வேலை செய்தது, நான் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நீ போன பிறகு நடந்தது.

உயிரோடு இருந்தவரை உன்னை எந்த நோட்டில் எழுதுவது என்று இழுத்தடித்தவர்கள், நீ கண்ணை மூடியதும் நம்மாள் நம்மாள் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் எந்தப் பிரிவின் பெயர் முதலில் என்று ஒரு மணிநேரம் தகராறு. கடைசியில் சமாதானமாக, பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் போட்டார்கள். பாலியல் தொழிலாளர் எச்.ஐ.வி. தடுப்புப் பிரிவு, ஊசி மூலம் போதை மருந்து எடுப்போர் எச்.ஐ.வி. தடுப்புப் பிரிவு. பன்னிரண்டு அடி நீளம் அக்கா. உன் முகம் ஒரு மூலையில், தேங்காய்ச் சில்லு அளவுக்கு. எழுத்தோ பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். இவ்வளவு செய்துவிட்டு, நீ வேலை பார்த்த இடம் என்று அதைக் கொண்டுபோய் நீலகண்ட சாரின் காம்பவுண்டுச் சுவரில் கட்டினார்கள். யார் கட்டியது என்று பிறகு கேட்டேன். அன்பின் மிகுதியால் கட்டினோம் என்றார்கள். பெயர் சொல்லவில்லை.

நான் தகவல் தெரிந்து எட்டு மணிக்கு ஓடிப்போய் அவிழ்த்தேன். அவர் ஆறு மணிக்கே பால் வாங்க வந்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி எழுத்துவரை படித்திருந்தார்.

உன் அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாய் அவர் மாடிக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, படியில் ஏறிய பெண்பிள்ளைகளுக்கெல்லாம் எத்தனை நாள் சோற்றைக் குறைக்கச் சொன்னேன், நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தீர்களே என்றார். நான் தலைகுனிந்தேன். மாசக் கடைசிக்குள் மாடியை ஒழித்துத் தரவேண்டும் என்றார். தெருவில் முகம் காட்டமுடியவில்லை என்றார். நான் நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தொடங்கினேன். மனித உரிமை வரைக்கும் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாசக் கடைசி என்றார் மறுபடியும்.

சுஜா அப்போது திரைக்கு அந்தப் பக்கம் பாயில் படுத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது.

எழுந்து போவார் என்று பார்த்தேன், போகவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மேபலுக்கு அந்த நோய் உண்டா என்று கேட்டார். உண்டு என்று ஃப்ளெக்ஸே சொல்லாமல் சொல்லிவிட்டது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை தோறும் அவள் குத்தினாளே, எனக்கும் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் புது முனை சார், பயப்பட ஒன்றும் இல்லை, சோதனை தேவையே இல்லை என்றேன். நீங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவீங்க, சுகர்னும் சொன்னீங்க என்றார்.

சரி என்று படிவத்தை எடுத்தேன். சோதனைக்கு முன்னால் கேட்கவேண்டியதைக் கேட்டாக வேண்டும். அக்கா, ஒரு சைவப் பிள்ளைமார் பெரியவரிடம், அதுவும் வீட்டுக்காரரிடம், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேருடன் என்று கேட்பதைவிடக் கஷ்டமான காரியத்தை நான் செய்ததில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. நானும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தேன். நீங்கள் போட்ட ஊசியை வேறு யாரும் போட்டதுண்டா என்ற கேள்விக்கும் கை தானாக இல்லை என்று எழுதப் போனது.

"அது உண்டு" என்றார்.

பேனா நின்றது.

வீட்டில் இரண்டு பேருக்கும் சர்க்கரை, இரண்டு பேருக்கும் இன்சுலின். ஒரு ஊசி மூன்று வாரம் வரும் என்றார், சிக்கனத்தின் பெருமையோடு. காலையில் அவர் போட்டுக்கொள்வார், பிறகு அதே ஊசியில் மனைவி பகவதி அத்தைக்குப் போட்டு விடுவார். முனை மழுங்கினால் மாற்றுவார்கள். சங்கத்துக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து முப்பது வருஷம் பேசிய குரல் அவருக்கு. மெதுவாகச் சொல்ல வராது. அவர் சொன்னது திரையைத் தாண்டிப் போயிற்று. திரை விலகியது. சுஜா தலையைக்கூட வாரி முடியாமல் வந்து நின்றாள். நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

"சார், அப்போ முதல்ல ஆரு?"

"நான்தான்."

"ஒருநாளும் அத்தைக்கு முதல்ல இல்லியா?"

"அவளுக்குத் தனியாப் போடத் தெரியாது மக்களே. பயம். நான் போட்டுட்டு, பொறவு அவளுக்குப் போட்டு விடுவேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன வித்தியாசம்?"

"எங்க வீட்லயும் இதையாக்கும் சொல்லுகது" என்றாள் சுஜா.

அவர் அவளைப் பார்த்தார். அந்த முந்நூற்று இருபது இவள்தான் என்று அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவனுக்க மிச்சச் சோறைத்தான் தின்னேன், மிச்ச ஊசியைத்தான் போட்டேன் என்று நீ ஒருநாள் பல் குத்திக்கொண்டே சொன்னாயே, அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. நீ சொன்னபோது அதை உன் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். தெரு முழுக்க அப்படித்தான் என்று தெரிய எனக்கு ஒரு படிவம் தேவைப்பட்டது.

சார் படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். பகவதி அத்தை ஒவ்வொரு படியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். நாம் குடிவந்த பிறகு அவர் மாடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைப் பார்த்தார்.

"இது அந்த மீன்காரப் பிள்ளைல்லா?"

சார் திடுக்கிட்டுத் திரும்பினார். எனக்குத் தெரியாதா என்றார் அத்தை. சந்தைக்காற்றில் புளியும் தேங்காயும் அரைத்த வாசனை வருமா என்று கேட்டார். அதோடு விடவில்லை. இது சுகர் மையம் இல்லை என்பதும் அவருக்கு இரண்டாவது வாரமே தெரியுமாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காய் நறுக்கும்போது பார்ப்பாராம். சுகர்க்காரி ஒருத்திகூடப் படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை, ஒருத்திகூட இறங்கி வந்து தண்ணீர் கேட்கவில்லை, அதெப்படி என்று யோசித்திருக்கிறார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று சார் கேட்டார். நீங்க எங்கிட்ட கேக்கல்லியே என்றார் அத்தை. இந்தப் பதிலை எங்கேயோ கேட்டதுபோல எனக்கு இருந்தது.

இரண்டு பேருக்கும் விரலில் குத்தினேன். அந்தப் பதினைந்து நிமிஷம் சார் கந்தர் அநுபூதியில் ஆரம்பித்துத் தேவாரத்துக்குத் தாவி நடுவில் பாட்டை விட்டுவிட்டார். அத்தை சுஜாவிடம் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், அம்மை எங்க இருக்கா, பேசுவாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு இரண்டு பேருக்கும் இல்லை என்றுதான் வந்தது. உன்னைக் கொன்ற அந்த மற்றக் கிருமிக்கும் பார்க்க, விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அதுவும் இல்லை. உன்னிடம் பிந்திச் சொன்னதை இப்போது எல்லாரிடமும் முந்திச் சொல்கிறேன். அங்கேயிருந்த டாக்டர் அத்தையின் வயிற்றில் கட்டிகட்டியாக இருந்த இடங்களைப் பார்த்து, மழுங்கின ஊசியால் வந்தது என்று சாரைப் பிடித்து உலுக்கிவிட்டாராம். அதை அத்தை மூன்று தடவை என்னிடம் சொன்னார், ஒவ்வொரு தடவையும் டாக்டர் கொஞ்சம் கூடுதலாக உலுக்கினார்.

பயம் போனதும் மாசக் கடைசியும் போய்விடும் என்று நான் நம்பினேன். இல்லை. சார் வந்து, எல்லாம் சரி, ஆனாலும் தெரு என்று ஒன்று இருக்கிறதே என்றார். நான் காலி செய்யப் பெட்டி கட்டத் தொடங்கினேன். பொறுப்பாளர் வேறு வீடு கிடைக்கும்வரை பெண்களை ஆண்கள் மையத்துக்கே வரச்சொல்லலாம் என்றார். சுஜா கேட்டுவிட்டு, அப்போ நான் வரல்லை அக்கா என்றாள். கோபமாக இல்லை. பஸ் இல்லாத ஊரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பகவதி அத்தை மறுபடியும் ஏறி வந்தார். கட்டிய பெட்டியைப் பார்த்தார். இதை ஏன் கட்டுகிறாய் என்று கேட்டார். சார் சொன்னார் என்றேன். அத்தை படி வாசலில் போய் நின்று கீழே பார்த்துப் பேசினார்.

"இது எனக்க அம்மைக்கு அவளுக்க அம்மை வழியா வந்த வீடாக்கும். பிள்ளைகள் இங்கதான் இருக்கும். தெரு கேட்டா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க."

கீழேயிருந்து, தண்ணீர் மோட்டாரைப் போடட்டுமா என்று சார் கேட்டார். அத்தை போடுங்க என்றார். அத்தோடு தீர்ந்தது.

ஆனால் அத்தை வந்தது வீட்டு விஷயத்துக்காக இல்லை. தனக்குத் தானே ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சார் காலையில் கோயிலுக்குப் போனால் வர நேரம் ஆகும், அவர் வந்து போட்டு விட்ட பிறகுதான் நான் சாப்பிட முடியும், ஆறு வருஷமாகப் பசியோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். நம் அலுவலகத்து நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். சுஜா பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கண்ணை இறுக்கி மூடினார். கண்ணைத் திறந்து போடணும் அத்தை என்றாள் சுஜா. அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். போட்டு முடித்ததும் ஊசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சவம், இம்புட்டுத்தானா, இதுக்கா இத்தனை வருஷம் காத்துக் கெடந்தேன் என்றார். அடுத்த நாள் சார் கோயிலிலிருந்து வரும்போது அத்தை சாப்பிட்டுக் கைகழுவி, இரண்டாவது டீயும் குடித்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை முதல் சார் நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை, அத்தை இறங்கிப் போன பிறகு, சுஜா என்னிடம் வந்து புது ஊசிப் பொட்டலம் இரண்டு கேட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று பினுவுக்கு. மூன்று வருஷமாக நானும் நீயும் எல்லாரிடமும் தொண்டை வற்றச் சொன்னதை அவளே கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். பேசினால் கெட்டுவிடும் என்று தோன்றியது.

பினு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தானாம். என் மேல நம்பிக்கை இல்லியா, எனக்கு நோய் இருக்குன்னு சொல்லுதியா என்று கேட்டிருக்கிறான். நம் பெண்கள் எல்லாரும் தோற்றுப்போகும் இடம் அதுதான் என்று உனக்குத் தெரியும். நம்பிக்கை என்ற வார்த்தை வந்ததும் ஊசி ஒன்றாகிவிடும். அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று என் பயிற்சிக் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒருத்திக்கும் அது உதவியதில்லை. சுஜா என்ன சொன்னாள் தெரியுமா?

"கோட்டாத்துல எங்க வீட்டுக்காரச் சாருக்கும் அத்தைக்கும் ரெண்டு ஊசியாக்கும். அவங்களுக்கு இல்லாத நம்பிக்கையா நமக்கு?"

பினு தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டானாம். சார் பெரிய மனுஷர், பென்ஷன் வாங்குகிறவர். அவர் வீட்டில் இரண்டு என்றால் இரண்டுதான். நான் இதைச் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவில் எல்லாருக்கும் வகுப்பு எடுக்கக் கிளம்பிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. யோசித்தால், கிளம்பினால்தான் என்ன?

சுஜா இன்னும் மருந்தை விடவில்லை. பினுவும் விடவில்லை. லாட்ஜும் நிற்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பொட்டலம் ஆனது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. தானே போட்டுக்கொள்வதால் இப்போது அவனுக்காகக் காத்திருப்பதில்லை என்கிறாள். வாரத்தில் ஒருநாள் பினுவுக்கு முன்னால் சாப்பிட்டும் பார்த்தாளாம், அத்தை சொல்லிக் கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை என்றாள்.

போன செவ்வாய் அவளாக வந்து விரலை நீட்டினாள். எட்டு மாதம் நீ கெஞ்சிய விரல். பதினைந்து நிமிஷம் உன் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முடிவு என்ன என்று இப்போது நீ என் தோளைப் பிடித்து உலுக்குவாய். சொல்ல மாட்டேன் அக்கா. அது அவளுடையது, இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுடையது இல்லை. உன்னிடம்கூட அவள்தான் சொல்லவேண்டும். முடிவைக் கேட்டுவிட்டு அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த செவ்வாய் இங்கேதானே என்றாள்.

இங்கேதான் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நான் இருக்கும்வரை செவ்வாயும் வெள்ளியும் அந்த மாடிக் கதவு திறந்திருக்கும். யார் ஏறி வந்தாலும் முதல் கேள்வி, சாப்பிட்டியா என்பதாக இருக்கும். நோட்டைப் பிறகுதான் எடுப்பேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
உமா